ஹொன்கக்கு: முறைவழித் துப்பறியும் கதை

ஜப்பானிய மொழியில் ஹொன் என்றால் மூலம், உண்மை. கக்கு என்றால் முறை, தரம். இரண்டும் சேர்ந்தால் 'முறைப்படியான', 'அசலான' என்று பொருள். அரைகுறையாக அல்லாமல் முறையாகச் சமைத்த கறிக்குழம்பையும் ஜப்பானியர் ஹொன்கக்கு என்பார்கள். உச்சரிக்கும்போது 'ஹொங்ககு' என்று மெலியக்கூடாது; ககர ஒலி இரண்டும் வல்லோசை.

1920களின் நடுவில் எழுத்தாளர் கோகா சபுரோ இதைத் துப்பறியும் கதைக்குப் பெயராக்கினார். புதிரும் தர்க்கமும் நடத்திச் செல்லும் கதை ஹொன்கக்கு. திகிலும் மனவிகாரமும் ஓங்கியது ஹென்கக்கு. எடோகாவா ரன்போ இரண்டிலும் எழுதினார். 1923இல் வந்த அவருடைய முதல் கதையில், மேலைநாட்டுச் சங்கேதப் புதிருக்கு 'நமு அமிதா புத்ஸு' என்ற பௌத்த மந்திரத்தின் ஆறு சீன எழுத்துகளை எடுத்து, பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெய்லின் ஆறு புள்ளிகளோடு பொருத்தினார்.

மேலைநாட்டுப் புதிர்களை ஜப்பானுக்குத் தழுவுவதில் பூட்டிய அறைப் புதிர்தான் பெரும் சிக்கல்: யாரும் நுழையவோ வெளியேறவோ முடியாத அறைக்குள் ஒரு கொலை. அதற்குக் கனத்த சுவரும் உள்தாழ்ப்பாளும் வேண்டும். பழைய ஜப்பானிய வீட்டிலோ மரச்சட்டமும் காகிதமுமான இழுகதவுகள். தடுப்பையே கழற்றி எடுத்துவிடலாம். அங்கே 'யாரும் உள்ளே போயிருக்க முடியாது' என்றால் வாசகர் ஏற்கமாட்டார். 1946இல் தொடராக வந்த 'ஹொன்ஜின் கொலை வழக்கு' நாவலில் யோகோமிசோ செய்ஷி கதவடைப்போடு பனியையும் சேர்த்தார்: மணமக்கள் இறந்துகிடக்கும் தனிவீட்டைச் சுற்றிலும் பனி, வெளியேறிய காலடி இல்லை, பனியில் குத்தி நிற்கும் வாள். விதி மேலைநாட்டுடையது, அதை நிறைவேற்றும் பொருள் ஒவ்வொன்றும் உள்ளூருடையது. தழுவல் என்றால் இதுதான்.

1950களின் இறுதியில் மட்சுமோட்டோ செய்சோவின் சமூகக் குற்றக்கதைகள் முன்னுக்கு வந்தன. 1987இல் அயாட்சுஜி யுகிடோவின் முதல் நாவலோடு புதிர்க்கதை 'ஷின் ஹொன்கக்கு' என்று வலுவாகத் திரும்பியது. ஷின் என்றால் புதிய.

தமிழில் 'மரபுவழி', 'செவ்வியல்' என்று பெயர்த்தால் பழங்கதை என்ற எண்ணம் வந்துவிடும். இச்சொல் காலத்தைக் குறிப்பதில்லை. இந்த ஆண்டு எழுதிய கதையும் ஹொன்கக்குவாக இருக்கலாம். துப்பறிவாளர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைத்தால், முடிச்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது ஹொன்கக்கு ஆகாது. 'நெறிவழி' பொருந்தும்தான், ஆனால் நீதிக்கதை போல ஒலிக்கிறது. 'முறைவழித் துப்பறியும் கதை' சரியாக அமைகிறது. ஹென்கக்குவுக்கு 'மாற்றுமுறை' போதும். 'பிறழ்ந்த' என்று சொல்லி அதைத் தாழ்த்த வேண்டியதில்லை.