பழைய பண்ணை வீட்டுச் சுவரில் உப்பு பூப்பது ஏன்?

பண்டாரவளைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோப்பிக் காலத்துப் பண்ணை வீடு. சுவரின் அடியில் வெள்ளையாகப் பூக்கிறது. சீமெந்து பூசிப் பெயின்ட் அடித்தும் பூச்சு உப்பி உதிர்கிறது. வீட்டில் தோஷம் என்கிறார்களே?"

தோஷம் இல்லை. உப்பு.

அந்தக் காலத்துக் கருங்கல் சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. நிலத்து ஈரம் கல்லிடைச் சாந்தின் நுண்துளைகள் வழியே மேலேறும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கூடவே மண்ணின் உப்பும் வரும். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சுவர் என்றால், சாணமும் மூத்திரமும் மட்கி உண்டான நைத்திரேற்று உப்பு நிறையவே வரும். போதாததற்குச் சீமெந்தும் தன் பங்குக்குச் சல்பேற்று உப்புகளைத் தரும்.

நீர் ஆவியாகும் இடத்தில்தான் உப்பு தங்கும். சுண்ணாம்புப் பூச்சில் துளைகள் திறந்திருப்பதால் ஈரம் வெளிமுகம் வரை வந்து உலர்கிறது. உப்பு வெளியே பூக்கும், தும்புத்தடியால் தட்டிவிடலாம். சீமெந்தும் பெயின்ட்டும் அந்த வழியை அடைத்தால் பூச்சுக்குப் பின்னாலேயே படிகம் வளரத் தொடங்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். துளையின் சுவரைத் தொட்டதும் படிகம் நின்றுவிடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கரைசல் படலம் எஞ்சியிருக்கிறது. அதன் வழியே உப்பின் அயன்கள் (மின்னேற்றமுள்ள நுண்துகள்கள்) வந்து சேரச் சேர, படிகம் சுவரைத் தள்ளிக்கொண்டே வளர்கிறது. மலைநாட்டுக் குளிரும் அதற்குத் துணை. 100 கிராம் நீரில், சல்பேற்று உப்புகளில் ஒன்றான சோடியம் சல்பேற்று 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 19 கிராம் கரையும், 10 பாகையில் 9 கிராம்தான். பகல் வெயிலில் கரைந்தது இரவுக் குளிரில் படிகமாகிறது. ஒவ்வோர் இரவும் ஒரு தள்ளு. கடைசியில் பூச்சு பெயர்கிறது, சாந்தும் பொடியாகிறது.

இந்த வெள்ளைப் பூவைக் காட்டிப் பயமுறுத்திப் பரிகாரத்துக்குப் பணம் வாங்குவது எனக்குக் கோபமூட்டுகிறது. அந்தப் பணத்தில் வீட்டைச் சுற்றி வடிகால் வெட்டலாம். நம் பல்கலைக்கழகங்களும் மாத்தளைப் பக்கத்துத் தொலமைற்றுச் (மக்னீசியம் கலந்த) சுண்ணாம்பைப் பழைய சுவர்களுக்காகவே ஆராய வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? சீமெந்தைக் கொத்தி எடுங்கள். வெளி மண்ணின் மட்டத்தை வீட்டுத் தரை மட்டத்துக்குக் கீழே இறக்கிச் சுவரை உலரவிடுங்கள். அப்புறம் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து மெல்லிய அடுக்குகளாகப் பூசுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை வாங்கித்தான் இறுகும்; துளைகள் நீரால் நிரம்பியிருந்தால் வாயு உள்ளே போகாது. உங்கள் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழை குறைவு, வேலையை அப்போது வையுங்கள். நுவரெலியாப் பக்கத்தவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்றது.