குட்டியோடு திமிங்கலம் தெரிந்தால் 300 மீட்டர்: ஆஸ்திரேலிய விதி சொல்வது என்ன?

திமிங்கலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு போகக் கூடாது, 300 மீட்டருக்குள் வந்தால் வேகம் 6 நாட் (knot, மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்) அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் படகு ஓட்டும் பலருக்கும் இது தெரியும். கூடவே குட்டி இருந்தால் அந்த 300 மீட்டர் வட்டத்துக்குள் நுழையவே கூடாது என்பதுதான் பலர் கவனிக்காதது. மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு சுற்றுச்சூழல், உயிர்ப்பன்மைப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளில் இது தெளிவாக இருக்கிறது. வளர்ந்த திமிங்கலத்தின் நீளத்தில் பாதியைத் தாண்டாதது எல்லாம் குட்டிதான்.

நாம் ஒதுங்கி நின்றும் குட்டி தானாகப் பக்கத்தில் வந்துவிட்டால்? படகை உடனே நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும், அல்லது நியூட்ரலில் போட வேண்டும். இல்லையென்றால் 6 நாட் அளவுக்குக் குறைவான சீரான வேகத்தில் விலகிப் போக வேண்டும். ஜெட் ஸ்கிக்கோ (நீர் ஸ்கூட்டர்) குட்டி இல்லாவிட்டாலும் 300 மீட்டர்தான்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவைப் பார்க்கலாம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கலத் தாய்கள் குட்டிகளோடு அங்கே தங்குகின்றன. அண்டார்டிக் கடலில் தின்று சேர்த்த கொழுப்புதான் தாயின் மொத்தக் கையிருப்பு. இங்கே அதற்கு இரை கிடையாது. பால் முழுக்க அந்தக் கொழுப்பிலிருந்தே சுரக்கிறது. அதனால் அசையாமல் மிதந்து ஓய்வெடுக்கிறது, பாதிக்கு மேற்பட்ட நேரம் 3 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே. தாய் வீணாக நீந்தும் ஒவ்வொரு முறையும் குட்டிக்குப் போக வேண்டிய பால் குறைகிறது. தெற்கே திரும்பும் நெடும்பயணத்துக்கு முன் குட்டி கொழுத்தாக வேண்டும். தூங்கும் தாய் மேற்பரப்பை ஒட்டிக் கிடப்பதால் படகு மோதும் ஆபத்தும் உண்டு.

அதே வளைகுடாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், 100 மீட்டர் தொலைவிலிருந்து உரத்த படகுச் சத்தத்தை நீருக்குள் ஒலிக்கவிட்டார்கள். தாயின் ஓய்வு நேரம் 30 சதவீதம் குறைந்தது. மூச்சு வாங்கும் வேகம் இரட்டிப்பானது. விதி தூரத்தையும் வேகத்தையும்தான் அளக்கிறது, சத்தத்தை அளப்பதில்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். சத்தத்துக்கும் உச்சவரம்பு வந்தே ஆக வேண்டும்.

இந்த மத்திய விதிகள் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால்தான். அதற்குள் மாநிலச் சட்டம். நியூ சவுத் வேல்ஸிலும் குட்டி இருந்தால் 300 மீட்டர். மற்ற மாநிலங்களில் படகை இறக்கும் முன் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.