சவுக்கில் வடியாத பிசின்

கடலூர்க் கரையோரச் சவுக்குத் தோப்பைப் பார்த்து "நம்ம ஊர் பைன் மரம்" என்று சொல்பவர்கள் உண்டு. ஊசி மாதிரி இலை, சின்னக் கூம்பு மாதிரி காய் என்று பார்க்க அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த ஊசியைக் கணுவில் பிடித்து இழுத்தால் துண்டு துண்டாகக் கழன்று வரும். அது பச்சைக் குச்சி. கணுவைச் சுற்றிப் பல் பல்லாக நிற்கும் செதிள்தான் இலை. சவுக்கு பூக்கும் தாவரம். பட்டையைக் கீறினாலும் பைன் பிசின் வடியாது.

பைன் கட்டைக்குள் பிசினுக்கென்றே நுண்குழாய்கள் ஓடுகின்றன. வண்டு துளைத்ததும் பிசின் பீறிட்டு வரும். அதிலுள்ள எண்ணெய் ஆவியாகிப் போக, மிச்சம் இறுகி ஓட்டையை அடைத்துவிடும். இமயமலைச் சிர் பைனில் காயமிட்டு இதையே சேகரிக்கிறார்கள். நீராவி விட்டு வடித்தால் மேலே போவது டர்பன்டைன், அடியில் தங்குவது ரோசின். டர்பன்டைனில் இருப்பவை 10 கார்பன் கொண்ட பைனீன், கேரீன் போன்றவை. ரோசினில் 90 சதவீதம் வரை 20 கார்பன் அமிலங்கள்; அவற்றில் முக்கியமானது அபியெட்டிக் அமிலம்.

டர்பன்டைன் டின்னைப் பாதி காலியாக வைக்க வேண்டாம். நம் வெயிலில், உள்ளே இருக்கும் காற்றின் ஆக்சிஜனைக் கேரீன் பிடித்துக்கொண்டு பெராக்சைடாகும். எண்ணெய் பிசுபிசுக்கும், பட்ட கையில் அரிப்பும் கொப்புளமும் வரும்.

அபியெட்டிக் அமில மூலக்கூறின் உடல் எண்ணெயோடு சேரும். ஒரு முனையில் உள்ள அமிலத் தொகுதி உலோகத்தைப் பிடிக்கும். ரோசினின் பயன்கள் பலவும் இந்த இரண்டு குணத்தில்தான் நிற்கின்றன. சாம்பிராணியில் ரோசின் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் அப்படித்தான். 1 கிராம் பொடியை 10 மி.லி. பெட்ரோலியம் ஈதரில் (சட்டென்று ஆவியாகும், பெட்ரோல் மாதிரியான கரைப்பான்) குலுக்கி வடிகட்டுங்கள். பக்கத்தில் நெருப்பே கூடாது. புதிதாகக் கரைத்த 0.5% காப்பர் அசிட்டேட் நீர் 10 மி.லி. சேர்த்து மறுபடி குலுக்குங்கள். ரோசின் இருந்தால் தாமிரம் அமிலத்தோடு சேர்ந்து மேலே ஏறி, ஈதர் அடுக்கு பளிச்சென்று பச்சையாகும். வேறு சில ஊசியிலைப் பிசின்களும் பச்சை காட்டும் என்பதை மனதில் வையுங்கள்.

காகிதத்தில் மை ஊறாமல் தடுப்பதும் இதே பிடிப்புதான். 1807-இல் ஜெர்மனியில் இல்லிக் என்பவர் வெளியிட்ட முறை இது. புதுச்சேரியில் பருத்திக் கூழில் கைக்காகிதம் செய்து பழகுபவர்கள் செய்து பார்க்கலாம். 12 கிராம் காஸ்டிக் சோடாவை அரை லிட்டர் நீரில் கரைத்துச் சூடாக்கி, 100 கிராம் ரோசின் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறினால் பழுப்பு நிறச் சோப்புக் கரைசல் கிடைக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துவிடும், எவர்சில்வர் போதும். சுத்த அபியெட்டிக் அமிலமாக இருந்தால் 13 கிராம் சோடா பிடிக்கும். ரோசினில் அமிலமல்லாததும் கலந்திருப்பதால் 12 போதும்.

உலர் எடையில் 1 கிலோ கூழுக்கு 10 முதல் 20 கிராம் ரோசின் வருமளவு இந்தச் சோப்பை ஊற்றி, நன்றாகப் பரவிய பிறகே படிகாரக் கரைசலைச் சேர்க்க வேண்டும். ரோசினைப் போல இரண்டு மடங்கு படிகாரத்தில் தொடங்கி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.5-லிருந்து 5-க்குள் வந்ததும் நிறுத்துங்கள். அலுமினியம் ஒரு பக்கம் நாரையும் மறுபக்கம் ரோசினையும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்த்தன்மை வெளியே பார்த்து நிற்பதால் தண்ணீர் ஒட்டாது.

கெடுவது பெரும்பாலும் தண்ணீரில்தான். கடலோர போர் தண்ணீரின் கால்சியம், படிகாரம் வருவதற்கு முன்பே சோப்பைத் திரித்துவிடும். கூழில் வெள்ளைத் திப்பிகள் மிதந்தால் அதுதான் காரணம், மழைநீருக்கு மாறுங்கள். திப்பி இல்லாமலும் மை ஊறினால், தாளைச் சூடு காட்டிக் காயவைத்துப் பாருங்கள். சூட்டில்தான் ரோசின் இளகி நார்மேல் பரவும். அதற்காகப் படிகாரத்தை அள்ளிப் போடக் கூடாது. மிஞ்சும் அமிலம் நாரின் செல்லுலோஸ் சங்கிலியை அறுத்து, சில ஆண்டுகளில் தாளை மஞ்சளாக்கி மடிப்பில் ஒடிய வைக்கும்.