றேடியேற்றருக்கு எதற்குக் கறுப்புப் பெயின்ற்?

மச்சானிடம் ஒரு டொல்பின் வேன் இருந்தது. மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட துண்டில் வீடு. அங்கே கறள் பிடிக்காத இரும்பே கிடையாது. ஒருநாள், இஞ்சினைச் சுற்றிச் சூடாகிவரும் தண்ணீரை ஆற்றும் றேடியேற்றரைக் கழற்றி, உரிந்துகொண்டிருந்த கறுப்புப் பெயின்றைச் சுரண்டிவிட்டு, வெள்ளி நிறப் பெயின்றைத் தூரிகையால் இரண்டு தரம் பூசினார். பார்க்கப் பளபளவென்று இருந்தது. அடுத்த கிழமை கண்டிக்கு ஒரு கலியாணப் பயணம். மகியங்கனை தாண்டிப் 18 வளைவில் ஏறும்போது வெப்பமானி ஊசி சிவப்பைத் தொட்டது. பட்டுச்சேலையோடு மாமிமார் வீதியோரத்தில் இறங்கி நின்றார்கள்.

“கறுப்பை எடுத்துப்போட்டு வெள்ளி அடிச்சா மறுகா கொதிக்காம என்ன செய்யும்? கறுப்புத்தானே சூட்டை வெளியில விடும்” என்றார் கூட வந்த பெரியவர் ஒருவர். சொன்ன காரணம் பள்ளிக்கூடப் பாடத்தின்படி சரி. ஆனால் வேன் கொதித்தது அதனால் இல்லை.

றேடியேற்றர் என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. கதிர்வீசுவது என்று பொருள்படும் பெயர். செய்வதோ வேறு வேலை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலையேறும் ஒரு வேன், அந்தத் தண்ணீர் வழியாக 30 கிலோவாட் அளவு வெப்பத்தை வெளியே தள்ளவேண்டி வரும். 1000 வாட் அயன் பெட்டிகள் முப்பதை ஒரே நேரத்தில் போட்டதுபோல. 90 பாகை செல்சியஸில் உள்ள தூய கறுப்பு மேற்பரப்பு, 35 பாகைச் சுற்றாடலுக்குக் கதிர்வீச்சால் இழப்பது சதுர மீற்றருக்கு அரைக் கிலோவாட்டுக்கும் குறைவு. றேடியேற்றரின் முன்முகமும் பின்முகமும் சேர்ந்து அரைச் சதுர மீற்றர் என்று வைத்தால், கால் கிலோவாட்கூட முழுதாகத் தேறாது. பின்முகம் சூடான இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அதிலும் குறையும். உள்ளே இருக்கும் தகடுகள் ஒன்றுக்கொன்று வீசிக்கொள்வதால் பயனில்லை. ஆக, நிறத்தின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. மிச்சம் அத்தனையையும் தூக்கிக்கொண்டு போவது காற்று.

சரி, அப்படியானால் பெயின்ற் வெப்பத்தை மறிக்காதா? பெயின்ற் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மோசம். இந்த எண்ணைக் கேட்டு, றேடியேற்றருக்குப் பெயின்றே ஆகாது என்பவர்கள் உண்டு. அவர்கள் தடிப்பை மறந்துவிடுகிறார்கள். பழைய கல்லடிப் பாலம் மட்டும் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1924இல் கட்டிய ஒடுங்கிய பாலம்; ஒரு பக்கத்து வாகனங்கள் வந்து முடியும் மட்டும் மறுபக்கம் காத்திருக்கவேண்டும். அந்த நாளில் ஆரையம்பதியில் வீதிக்குக் குறுக்கே ஒரு சின்ன மேடு போட்டிருந்தால் நகருக்கு நீங்கள் போய்ச்சேரும் நேரம் கூடியிருக்குமா? தாமதம் பாலத்தில்தான் இருந்தது. றேடியேற்றரில் அந்தப் பாலம், தகட்டை ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலம். 0.02 மில்லிமீற்றர் பெயின்ற் அதற்குமுன் ஒரு பொருட்டே அல்ல.

மச்சான் அடித்தது 0.02 மில்லிமீற்றர் அல்ல. அங்கேதான் பிழை. தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர்தான். தூரிகையில் வரும் தடித்த பெயின்ற், பரப்பிழுவிசையால் தகடும் குழாயும் சந்திக்கும் மூலைகளுக்குள் ஓடித் திரண்டு, பல இடங்களில் இடைவெளியையே அடைத்து மூடிவிடும். மட்டமான வீதியில் வேகமாகப் போகும்போது காற்று எப்படியும் முண்டியடித்துப் புகுந்துவிடும். மலையில் வேகம் குறைவு, சுமை அதிகம். விசிறி இழுக்கும் காற்றுத்தான் கதி. அதற்கும் வழியில்லை என்றால் கொதிக்காமல் என்ன செய்யும்? அம்பாறைப் பக்கம் சூடடிப்புக் காலத்தில் உழவு இயந்திரங்கள் கொதிப்பதும் இதே கதைதான். அங்கே அடைப்பது வைக்கோல் தூசு.

அப்புறம் எதற்குப் பெயின்ற்? உப்புக்கு. அலுமினியம் தன்மேல் தானே ஒரு ஒட்சைட்டுப் படலத்தைப் போர்த்திக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைட்டு அதை ஊசிமுனைபோலத் துளைக்கும். இரும்புத் தாங்கி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்பீரமும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பற்றறி, கரைவது அலுமினியம். ஆகவே பெயின்ற் தேவைப்படுவது பக்கத் தாங்கிகள், இரும்புத் தண்ணீர்க் குழாய், கப்பி, உலோகத் தொட்டி ஆகியவற்றுக்கு. தகடுகள் நெருங்கியிருக்கும் நடுவலையைத் தண்ணீரால் கழுவினால் போதும். பின்பக்கமிருந்து முன்னுக்கு, மெதுவாக. தகட்டின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் அளவு; வேகத் தண்ணீர் அதை மடக்கிவிடும். கட்டாயம் பூசத்தான் வேண்டுமென்றால், ஸ்பிரேயில் தூசுபோல ஒரு தரம்.

பழைய பெயின்றை உரிக்கத் தொடங்குமுன், ஒரு மூலையைச் சுரண்டிப் பாருங்கள். காந்தம் உதவாது; அலுமினியம், பித்தளை இரண்டிலுமே ஒட்டாது. மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் பித்தளை, செம்பு. வெண்மை தெரிந்தால் அலுமினியம். அலுமினியம் என்றால் கோஸ்டிக் சோடாவை எடுக்கவே வேண்டாம். அது ஒட்சைட்டுப் படலத்தைக் கரைத்து, உள்ளிருக்கும் உலோகத்தையும் தின்னும். நுரைத்து வருவது ஐதரசன் வாயு. பக்கத்தில் சுருட்டுப் பற்றவைத்தால் வேறு வினை. பித்தளை றேடியேற்றரில் வேறு சிக்கல்: மூட்டுக்கள் ஈயப்பற்று. சில பற்றுக்கள் 183 பாகையிலேயே உருகத் தொடங்கும், ஆகவே நெருப்பு காட்டி உரிக்கக்கூடாது. காய்ந்தபடி தேய்த்தால் ஈயத்தூசு பறக்கும். நனைத்துத் தேய்ப்பதே நல்லது, பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் வேண்டாம்.

பெயின்ற் வாங்கும்போது பலர் 600 பாகை தாங்கும் டப்பாவைத் தேடுவார்கள். தேவையில்லை. றேடியேற்றர் மூடியில் 0.9 என்று இருந்தால், அது வளியழுத்தத்துக்கு மேலே 0.9 பார்; அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 119 பாகையளவில்தான் கொதிக்கும். அதற்குமேல் இந்தப் பாகங்கள் சூடாவது அரிது. 600 பாகைப் பெயின்றில் பல 200 பாகையளவில் வெந்தால்தான் இறுகும். றேடியேற்றரில் அது வேகாமல் மென்மையாகவே கிடந்து, கொஞ்சம் பெற்றோல் பட்டாலே வழன்று வரும். சாதாரண எனாமல் போதும். வெறும் அலுமினியத்தில் முதலில் எற்ச் பிரைமர், அதாவது உலோகத்தைச் சற்று அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு. இல்லாவிட்டால் தோல்போல உரியும்.

பூசக்கூடாத இடங்களும் உண்டு. வெப்ப உணரி பூட்டும் மரையில் பெயின்ற் போனால் மின்னிணைப்பு அறுந்து, ஊசி பொய் சொல்லும். மூடி உட்காரும் வாய், கஸ்கற் வைக்கும் முகம் இரண்டையும் ஒட்டுநாடாவால் மறைக்கவேண்டும். சில வண்டிகளில் விசிறி நடுவே சுருள்போல ஒரு ஈருலோகத் தகடு இருக்கும். சூட்டை உணர்ந்து விசிறியை முடுக்குவது அதுதான். அதையும் விட்டுவிடவேண்டும்.

மச்சானின் நடுவலையை எவ்வளவு சுரண்டியும் மீட்க முடியவில்லை. புதிதாக ஒன்று போட்டார். மிச்சமிருந்த வெள்ளிப் பெயின்றை வீட்டுக் கேற்றுக்கு அடித்திருக்கிறார். இரண்டு தரம், தூரிகையால், நல்ல தடிப்பாக. அங்கே அது மிகப் பொருத்தம்.