சைக்ளோன்: புயலா, சூறாவளியா?

மொரிசியஸில் நவம்பர் பிறந்துவிட்டால் எந்த வீட்டிலும் காதில் விழும் சொல் 'சிக்லோன்'. இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசும் பாட்டியும் அதையே சொல்வார், பள்ளியில் தமிழ் எடுத்துப் படிக்கும் பேரனும் அதையே சொல்வான். என் தமிழ் வகுப்பில் ஒரு பையன், "சிக்லோனுக்குத் தமிழில் என்ன, மிஸ்?" என்று கேட்டான். யோசிக்காமல் 'புயல்' என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் திரும்ப வந்தான். "சென்னைச் செய்தியில் மணிக்கு 65 கிலோமீட்டர் காற்றையே புயல் என்கிறார்கள். இங்கே அது சிக்லோனே இல்லையே!"

அவன் சொன்னது சரி. பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

சைக்ளோன் என்ற சொல் பிறந்த ஊர் கல்கத்தா. ஆனால் அது கருவான கடல் எங்களுடையது என்று நான் உரிமை கொண்டாடுவதுண்டு. 1845 பிப்ரவரியில் மொரிசியஸில் இருந்து மஸ்கட்டுக்குப் புறப்பட்ட சார்லஸ் ஹெடில் என்ற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. காற்று தள்ளிய பக்கமே ஐந்து நாள் ஓடியது. கடைசியில் கணக்குப் பார்த்தால் நேராக எங்கும் போகவில்லை, புயலின் நடுவை ஐந்து முறை சுற்றியிருக்கிறது! அந்தக் கப்பலின் நாட்குறிப்பை வாங்கி வரி வரியாக ஆராய்ந்தவர் ஹென்றி பிடிங்டன். கப்பல் தலைவராக இருந்து, பிறகு கல்கத்தாவில் வேலைக்கு அமர்ந்தவர். இந்தக் காற்று வட்டமாகத்தான் சுற்றுகிறது என்று உறுதியானதும், 1848இல் மாலுமிகளுக்கு எழுதிய கையேட்டில் 'சைக்ளோன்' என்று பெயர் வைத்தார். மூலம் கிரேக்கச் சொல். வட்டத்தைக் குறிக்கும், பாம்பு சுருண்டு கிடப்பதையும் குறிக்கும்.

சுற்றும் திசையிலும் ஒரு வேடிக்கை உண்டு. வங்கக் கடலில் புயல் இடஞ்சுழி. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் எங்களுக்கு வலஞ்சுழி, அதாவது கோயிலில் நாம் சுற்றும் திசை. சார்லஸ் ஹெடில் ஐந்து முறை வலம் வந்தது என்றே சொல்லலாம். வேண்டுதல் ஒன்றும் இல்லாமல்.

இப்போது 'புயல்'. பழந்தமிழில் இந்தச் சொல்லுக்குச் சூறைக்காற்று என்ற பொருளே இல்லை. புயல் என்றால் மேகம், அது பொழியும் மழை. மழை குறைந்தால் உழவர் ஏர் பூட்டமாட்டார் என்று சொல்லும் குறளில் 'புயலென்னும் வாரி' என்று வருகிறது. அங்கே புயல் வருமானம், வந்தால் கொண்டாட வேண்டியது. பெருமாளைப் புயல்வண்ணன் என்றதும் கார்மேக நிறத்தவன் என்ற பொருளில்தான். பிற்காலத்தில் மேகத்தோடு வந்த காற்று பெயரைப் பிடுங்கிக்கொண்டது, மேகம் வெறும் மேகமாகிவிட்டது.

மேகத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்வது பழைய தமிழனின் வேலை மட்டுமில்லை, இன்றைய வானிலையாளரின் வேலையும் அதுதான். அட்லாண்டிக்கில் புயலுக்குள் விமானம் விட்டு அளக்கிறார்கள். எங்கள் கடலில் அப்படி வழக்கமாகப் பறக்கும் விமானம் கிடையாது. ஆகவே எல்லாம் செயற்கைக்கோள் படத்தில்தான். இதை ஈழத்தில் 'செய்மதி' என்பார்கள். செய்த மதி, எவ்வளவு கச்சிதம்! எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கும், ஆனால் இங்கே பாடநூல் வேறு சொல்கிறது, பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம்.

1960 பிப்ரவரி 28 அன்று கரோல் என்ற சிக்லோன் இந்தத் தீவைத் தாக்கியபோது வானத்தில் இருந்து படம் பிடிக்க வானிலைச் செயற்கைக்கோள் இல்லை. மணிக்கு 256 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. 'டோல்' என்று நாங்கள் சொல்லும் தகரக் கூரைகள் காகிதம் போலப் பறந்தன என்று பாட்டி சொல்வார். நடுவில் சட்டென்று காற்று நின்றதாம். முடிந்தது என்று வெளியே வந்தவர்களை மறுபக்கக் காற்று பிடித்துக்கொண்டது. அவர்கள் நின்றது புயலின் கண்ணில், அதாவது நடுவே காற்று அடங்கிய இடத்தில். உலகின் முதல் வெற்றிகரமான வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ் 1 ஏவப்பட்டது ஏப்ரல் 1 அன்று, கரோல் போய் ஒரே மாதத்தில். அதே ஏப்ரலில் அது ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே ஒரு புயலைப் படம் பிடித்துக் காட்டியது.

படம் வந்தால் மட்டும் போதாது, படிக்கத் தெரிய வேண்டும். 1970களில் வெர்னன் டிவோராக் என்ற அமெரிக்கர் அதற்கு ஒரு முறை வகுத்தார். மேகப் பட்டை நடுவைச் சுற்றி எவ்வளவு தூரம் வளைந்திருக்கிறது என்று, படத்தின் மேல் ஒரு சுருள்கோட்டை வைத்து அளப்பார்கள். கண் திறந்திருந்தால், கண்ணுக்குள் எவ்வளவு வெப்பம், சுற்றியுள்ள மேக உச்சி எவ்வளவு குளிர்ச்சி என்று அகச்சிவப்புப் படத்தில் பார்ப்பார்கள். வித்தியாசம் கூடக் கூடப் புயல் வலுத்திருக்கிறது என்று பொருள். விடை ஒரு எண், 1 முதல் 8 வரை அரை அரையாக ஏறும். 'டி 2.5' என்றால் காற்று சுமார் 35 நாட், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர். 'டி 4' என்றால் 65 நாட், மணிக்கு 120 கிலோமீட்டர்.

ஒரே படத்தை இரண்டு பேர் பார்த்து அரை எண் வித்தியாசமாகச் சொல்வது சாதாரணம். அதனால்தான் பயிற்சிக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். உலக வானிலை அமைப்பு 2000இல் தொடங்கிய செயற்கைக்கோள் வானிலைப் பயிற்சி வலையத்தில் தென்னாப்பிரிக்காவும் ஒரு பயிற்சி மையம். ஆராய்ச்சியாளர் புதிதாக ஒரு படவகையைக் கண்டுபிடிப்பார். இரவு முறையில் உட்கார்ந்திருக்கும் முன்னறிவிப்பாளர்தான் அது அவசரத்தில் உதவுமா என்று சொல்ல முடியும். மேல்மேகத்தை ஊடுருவி உள்ளே கண் உருவாவதைக் காட்டும் நுண்ணலைப் படம் அப்படி உதவியது. ஐரோப்பியச் செயற்கைக்கோளான மீட்டியோசாட் 15 நிமிடத்துக்கு ஒன்றாக அனுப்பும் படங்களில் மேல்மேகம் மூடியிருந்தால் அந்தக் கண் தெரியாது.

சரி, பையனுக்குப் பதில். இந்தியக் கணக்கில் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினாலே புயல், 89இல் தீவிரப் புயல், 118இல் மிகத் தீவிரப் புயல். எங்கள் பக்கத்துக் கடலுக்கு, அடுத்த தீவான ரீயூனியனில் உள்ள பிரெஞ்சு வானிலை மையம் பொறுப்பு. அங்கே 63 கிலோமீட்டர் வந்தால் 'வெப்பமண்டலப் புயல்'. பெயர் சூட்டுவது அப்போதுதான். கிழக்குத் தீர்க்கரேகை 55 டிகிரிக்குக் கிழக்கே இருந்தால் மொரிசியஸ் பெயர் வைக்கும், மேற்கே இருந்தால் மடகாஸ்கர். சிக்லோன் என்ற பட்டம் 118 வந்த பிறகே கிடைக்கும். ஆக, சென்னையின் புயல் இங்கே சிக்லோன் ஆகாது.

இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் குழப்பம்தான். பெயர் வாங்கியது முதல் 'புயல்', 118ஐத் தாண்டினால் 'சூறாவளி' என்று வகுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறேன். சூறை என்றால் சுழல்காற்று, கொள்ளை என்றும் பொருள் உண்டு. டோல் பறிகொடுத்தவர்களிடம் கேளுங்கள், இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். ஈழத்தார் சைக்ளோனை ஏற்கனவே சூறாவளி என்கிறார்கள், ஆகவே புதிதாக எதையும் கட்டவில்லை.

பையனுக்கு இன்னொன்றும் சொன்னேன். 2024 ஜனவரி 15 அன்று பெலால் என்ற சூறாவளியின் கண் ரீயூனியன் மேல் போனது. எங்கள் தலைநகர் போர் லூயியில் தெருவெல்லாம் வெள்ளம், கார்கள் மிதந்தன. அங்கே வேலை பார்க்கும் என் தங்கை போனில் கிரியோலில் சொன்னாள்: "காற்றா? அது கிடக்கட்டும் அக்கா, இது முழுக்கத் தண்ணிதான்." பழைய பொருளில் சொன்னால், அன்று அவள் பார்த்ததுதான் புயல்.