சாப்பிட்டியா என்று மட்டும் கேட்காதீர்கள்

"ஒன்னுமில்லம்மா, நெஞ்சுதான் படபடங்குது. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்."

2021 ஜூலை. கோலாலம்பூர், செந்தூல் அடுக்குமாடி வீடொன்றின் பின்னறையில் கோவிட் கண்டு தனித்திருந்த ஓர் அம்மா தொலைபேசியில் சொன்னது இது. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) விரலில் மாட்டி, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று பார்க்கும் ஆக்சிமீட்டர் கையில் இருந்தது. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்ததைப் படிக்கச் சொன்னேன். 97, 98, 97, 97... நள்ளிரவு 2 மணிக்கு மேல் மட்டும் பதினொரு முறை பார்த்திருக்கிறார். எண்ணில் குறை இல்லை. தூக்கம்தான் இல்லை.

நம்மவர்கள் "மனசு சரியில்ல" என்று லேசில் சொல்லிவிட மாட்டார்கள். சோறு இறங்கல, தலை பாரமா இருக்கு, அசதியா இருக்கு என்பார்கள். ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் சில வருடங்கள் இவற்றை உடம்புக் கோளாறு என்று நானே மருத்துவரிடம் தள்ளிவிட்டிருக்கிறேன். வீட்டாரும் காய்ச்சல் விட்டுச்சா, சாப்பிட்டியா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் "ம்" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். "ராத்திரி எத்தனை மணிக்குக் கண் அசந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு "ம்" போதாது.

அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். பயத்தில் மூச்சு வேகமாக ஓடும். கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேற, தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். ஐயோ மூச்சு போகுதே என்று பயம் இன்னும் ஏறும். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடச் சொன்னேன். விடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். ஆனால், எண் 95-க்குக் கீழே போனாலோ நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ இதையெல்லாம் செய்துகொண்டிருக்கக் கூடாது. மருத்துவ உதவிதான், அவசரமென்றால் 999.

ஆக்சிமீட்டரை அறையில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவு செய்தோம். மூன்று வேளையும் சாப்பாட்டுத் தட்டோடு மகள் அதை வாசல் முக்காலியில் வைப்பார். அம்மா பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்வார். மகள் துடைத்து எடுத்துப்போவார். எண்ணைச் சொல்லும் சாக்கில் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஐந்து நிமிடம் பேச்சு. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பேச்சுதான்.

அம்மை கண்ட வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை, தனிப் பாய், தனித் தட்டு. அதுவும் தனிமைதான். ஆனால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று படுத்திருப்பவருக்கு ஒரு மரியாதை இருந்தது. பாட்டியோ அத்தையோ கண்ணில் படும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எத்தனையாவது நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று வீடே கணக்கு வைத்திருக்கும். மருத்துவரிடம் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கோவிட் வந்தவரை நாம் குற்றவாளி ஆக்கிவிட்டோம் என்கிறேன். "என்னாலதான் பேரனுக்கும் வந்துடுமோ" என்று அந்த அம்மா அழுதது நோயின் வலியால் அல்ல.

தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்குச் சிக்கல் வேறு. விடிய விடியத் திறன்பேசி, மத்தியானம் பசியாறல், நாள் முழுக்கக் கட்டில். படுக்கையிலேயே சாப்பிட்டு, வேலையும் பார்த்தால், அது தூங்குகிற இடம் என்பதை உடம்பு மறந்துவிடும். ஒரே நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டை மாற்றி, சன்னலோரம் காலை வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். உடம்பின் கடிகாரத்தைத் திருத்துவது அந்த வெளிச்சம்தான். புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் சாவுச் செய்திகளை ராத்திரியில் திறக்காதீர்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வருடம் உதவி வேண்டும் என்று வீட்டு வாசலில் மக்கள் வெள்ளைக்கொடி கட்டிய நாள்களில், என்னை அழைத்த சிலருக்கு ஆலோசனையே தேவைப்படவில்லை. அரிசி தேவைப்பட்டது. பால்மாவுக்குக் காசில்லாத தகப்பனிடம் மூச்சுப் பயிற்சி சொல்வது அபத்தம். அவர்களுக்கு உணவு தருபவர்களின் எண்ணைத்தான் முதலில் கொடுத்தேன்.

"இருந்து என்ன பிரயோசனம்" என்று யாராவது சொன்னால், பேச்சை மாற்றாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து மறைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. மனம் விட்டுப் பேச, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555.

செந்தூல் அம்மா பத்தாம் நாள் அவராகவே அழைத்தார். மகள் வேப்பிலை போட்டு வெந்நீர் வைத்துக் கொடுக்க, தலைக்கு ஊற்றிக்கொண்டாராம். அடுக்குமாடியில் வேப்பிலை எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"கீழ கார் நிறுத்துற எடத்துல ஒரு மரம் நிக்குதும்மா. பத்து நாளா சன்னல் வழியா அதைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்."