தளப் பரப்பளவு விகிதம்: ஒரு சொல், இரண்டு பரப்பு

"தம்பி, 1.5 என்று போட்டிருக்கிறதே, ஒன்றரைப் பரப்புக் காணி இருந்தால்தான் கட்டலாமோ?" மாடி வீடு கட்டப்போகும் அயலவர் ஒருவர் பிளானை மேசையில் விரித்துக் கேட்டார். அவர் விரல் வைத்த இடத்தில் 'தளப்பரப்பு விகிதம்' என்றிருந்தது.

அவரில் பிழையில்லை. 'பர' என்ற அடியில் பிறந்த பரப்பு, விரிந்த இடத்தைக் குறிக்கும் பொதுச்சொல். யாழ்ப்பாணத்தில் அதுவே காணி அளவும் ஆகும். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், அதாவது 2,722.5 சதுர அடி. சீதனப் பேச்சில் பரப்பு என்றால் யாரும் வேறு பொருள் கொள்வதில்லை.

இந்த விகிதம் கேட்பது வேறு. எல்லாத் தளங்களின் பரப்பளவையும் கூட்டிக் காணியின் பரப்பளவால் வகுத்தால் வரும் எண் அது. விகிதம் 1 என்றால், காணியில் பாதியை மூடி இரண்டு தளம் எழுப்பலாம்; காற்பங்கை மூடி நான்கு தளமும் எழுப்பலாம். கூட்டுத்தொகை ஒன்றுதான். நிலத்தில் எவ்வளவை மூடலாம் என்பதற்குத் தனி விதி உண்டு.

நியூயோர்க் 1916இல் கொண்டுவந்த விதி, உயர உயரக் கட்டடத்தைப் பின்னே ஒதுக்கச் சொன்னது. 1961இல் அந்நகரம் இந்த விகிதத்தை விதியாக்கியது. இலங்கையில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகளில் இது இடம்பெறுகிறது. காணியின் அளவையும் முன்வீதியின் அகலத்தையும் பொறுத்து எண் மாறும். ஒடுங்கிய ஒழுங்கைக்குள் பெருங்கட்டடம் எழாமல் தடுப்பது இதுவே.

எங்களுக்கு இது வெறும் தாள் கணக்கு அல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மலசலகூடக் குழியின் கழிவு அதன் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போய்விடும். ஒரு வளவில் ஆட்கள் பெருகினால், கிணற்றுக்கும் குழிக்கும் இடையே இருந்த தூரமும் சுருங்கும்.

தமிழ்நாட்டில் இதைத் 'தளப்பரப்புக் குறியீடு' என்கிறார்கள். இங்கே குறியீடு என்றால் அடையாளம். index என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, விலைவாசிக் கணக்கில் நாங்கள் சொல்வது சுட்டெண். ஒரே அலகிலுள்ள இரண்டை வகுத்து வருவதால் விகிதம் என்பதே சரி. 'மாடிப் பரப்பு' என்றால் நிலத்தோடு உள்ள தளம் விடுபட்டதுபோல் தோன்றும். ஆகவே தளம் இருக்கட்டும்; பரப்பை மட்டும் பரப்பளவாக்கி, 'தளப் பரப்பளவு விகிதம்' என்று எழுதுங்கள். அந்த 'அளவு' காணிப் பரப்போடு வரும் மயக்கத்தை நீக்கிவிடும்.

அயலவரின் காணி இரண்டு பரப்பு. பிளானின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினேன்: 5,445ஐ 1.5ஆல் பெருக்க 8,167.5 சதுர அடி. "அப்படியென்றால் இரண்டு பரப்புக் காணியில் மூன்று பரப்புக்கு வீடு கட்டலாம்!" என்றார்.